உப்பின் வெண்மையும் கணினியின் வேகமும்

ஒற்றை உப்புப் பரலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதில் வெள்ளை இருக்காது, நிறமற்றுத் தெளிந்திருக்கும். பரல்கள் கோடிக்கணக்கில் குவிந்து, ஒவ்வொன்றின் முகங்களிலும் வெயில் பட்டுச் சிதறி, எல்லா நிறமும் ஒரே அளவில் நம் கண்ணுக்குத் திரும்பும்போதுதான் அது வெள்ளையாகிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படமெடுப்பது இந்த வெண்மையைத்தான். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீர், வரப்போரம் வாரிக் குவித்த உப்பு, அதற்கப்பால் வெளுத்த வானம். பார்க்க எளிய காட்சி. படமெடுக்க மிகக் கடினமான காட்சி.

மரக்காணத்து உப்பளப் படங்களில் பெரும்பாலானவற்றில் உப்பு வாருகிறவர்கள் கறுத்த உருவங்களாக மட்டுமே நிற்கிறார்கள். முகம் தெரிவதில்லை. கலைக்காக அப்படி எடுப்பவர்களும் உண்டு. ஆனால் பல படங்களில் முகம் தொலைந்ததற்குக் காரணம் ஒளியின் கணக்கு. உச்சிவெயிலில் மின்னும் உப்புக்கும், தலைத்துண்டின் நிழலில் இருக்கும் முகத்துக்கும் இடையே வெளிச்சம் முப்பது, அறுபது மடங்கு வேறுபடலாம். உப்பு வெளிறிப் போகாமல் எடுத்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு வைத்தால் உப்பு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். உழைக்கிறவரின் முகம் தெரிய வேண்டும், உப்பின் பரல்களும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் எடுத்த படத்தைக் கணினியில் திறந்து நிழலை மேலே தூக்கியாக வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் பேசப்போகும் கணினி வேகம் அந்த ஒரு வேலைக்காகத்தான் தேவைப்படுகிறது.

சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. இரண்டு மடங்கு ஒளி விழுந்தால் இரண்டு மடங்கு எண். அந்த எண்களை அப்படியே சேமிக்கும் 14 பிட் ரா ஃபைலில் மொத்தம் 16,384 படிகள். அவற்றில் சரிபாதி, அதாவது 8,192 படிகள், மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குள் (ஒளி இரட்டிக்கும் இடைவெளி ஒரு ஸ்டாப்) அடங்கிவிடுகின்றன. உப்பு அங்கேதான் இருக்கிறது. உச்சியிலிருந்து ஆறாவது ஸ்டாப்பில் இருக்கும் முகத்துக்குக் கிடைப்பவை 256 படிகள். அதே காட்சியை 8 பிட் ஜேபெக்காகச் சேமித்தால், வழக்கமான எஸ்ஆர்ஜிபி அளவுகோலில் உப்புக்கு ஏறத்தாழ 67 படிகளும் முகத்துக்குப் பதினாறே படிகளும்தான் மிஞ்சும். பதினாறு படிகளில் இருக்கும் முகத்தைத் தூக்கினால் தோலின் சாயல்கள் பட்டை பட்டையாக உடையும். ஆகவே உப்பளத்துக்குப் போகிறவர் ரா ஃபைலில்தான் எடுக்க வேண்டும். கணினியின் சுமை இங்கே தொடங்குகிறது.

24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படத்தில் 6,000-க்கு 4,000 புள்ளிகள். புள்ளிக்கு 14 பிட் என்றால் அழுத்தாத ரா ஃபைல் 42 எம்பி. ஆனால் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பார்த்திருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பிரைஸ் பேயர் வகுத்து 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு இது. விடுபட்ட இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் கணித்து நிரப்பும். நிரப்பி முடித்து, நிறத்துக்கு 16 பிட்டாக வைத்தால் அந்த 42 எம்பி நினைவகத்தில் 144 எம்பியாக உட்காரும். இது ஓர் அடுக்குக்கான கணக்கு. உப்பளம் அகலமான இடம். ஆறு படங்களைத் தைத்து ஓர் அகலப்படம் செய்தால் 90 மெகாபிக்சல் எளிதில் வந்துவிடும். அடுக்குக்கு 540 எம்பி. ஐந்து அடுக்கு வைத்தாலே 2.7 ஜிபி. பின்வாங்கிப் பார்ப்பதற்காக மென்பொருள் சேமித்துவைக்கும் முந்தைய நிலைகள் இதற்கு மேல்.

ராமில் இடம் தீர்ந்ததும் என்ன நடக்கிறது? ஃபோட்டோஷாப் 1990 பிப்ரவரியில் மெக்கின்டோஷ் கணினிகளுக்காக வெளிவந்தபோது கணினிகளில் ராம் சில எம்பிக்கள்தான். அதனால் படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டி, அப்போதைக்குத் தேவையில்லாத ஓடுகளை வட்டில் இறக்கிவைத்து, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் முறையைத் தொடக்கத்திலேயே அதற்குள் கட்டிவிட்டார்கள். அந்த ஓடு முறை இன்றும் வேலை செய்கிறது. ராம் தீர்ந்தால் நிரல் நின்றுவிடாது, வட்டுக்கு ஓடும். அந்த ஓட்டம்தான் நாம் "சிஸ்டம் தொங்குது" என்று சொல்லும் நேரம்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. தேடிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கான நேரம் தனி. நாலு கிகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒன்று அந்த அரைச் சுற்றுக்குள் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் அதிகமான துடிப்புகளை வெறுமனே கடத்தியிருக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது. சாட்டா இணைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகையில் 3,500 எம்பி, அதற்கு அடுத்த தலைமுறையில் 7,000 எம்பி வரை கொடுக்கும். இரட்டைத் தடத்தில் இயங்கும் டிடிஆர்4-3200 ராமோ விநாடிக்கு 51 ஜிபி. எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியும் ராமுக்கு ஈடாகாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் வேலை செய்கிறவரின் நாளே மாறும். 3,500-இலிருந்து 7,000-க்கு மாறினால் படத்திருத்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்தப் பணத்தை ராமில் போடுவதுதான் என் கட்சி: ஒற்றைப் படங்களுக்கு 16 ஜிபி, அகலப்படமும் அடுக்குகளும் என்றால் 32.

எல்லாக் காத்திருப்பும் கணினிக்குள்ளேயே நடப்பதில்லை. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக் கூட்டத்தை அங்கே விநாடிக்குப் பத்துப் படம் என்ற வேகத்தில் எடுத்துவிட்டு, 64 ஜிபி கார்டு நிறைந்து வீடு திரும்புகிறவர் அதைப் பழைய யுஎஸ்பி 2 ரீடரில் செருகினால், விநாடிக்கு 35 எம்பி வேகத்தில் இறங்கி முடிய அரை மணி நேரம் ஆகும். கார்டு விநாடிக்கு 90 எம்பி தரக்கூடியதென்றால், யுஎஸ்பி 3 ரீடரில் அதே வேலை பன்னிரண்டு நிமிடம். சில நூறு ரூபாய் ரீடர் செய்யும் இந்த உதவியை எந்த விலையுயர்ந்த பிராசசரும் செய்ய முடியாது.

அப்படியானால் பிராசசர்? கடைக்காரர் முதலில் சொல்வது கோர்களின் எண்ணிக்கையைத்தான். எட்டு கோர், பதினாறு கோர். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்ய நிற்கிறவருக்கு அந்த எண் பெரிதாகத் தெரிவது இயல்பு. அதன் பயன் எவ்வளவு என்பதை கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இலேயே சொல்லிவிட்டார். உப்பளத்தில் நடப்பதை வைத்து அதைப் பார்க்கலாம். பாத்தியில் உப்பு இறங்குவதற்கு வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்ளும் நாட்கள் இருக்கின்றன. வாருவதற்கு இருபது பேர் கூடுதலாக வந்தால் வாரும் வேலை சீக்கிரம் முடியும். உப்பு இறங்கும் நாட்களில் ஒன்றுகூடக் குறையாது. கணினியிலும் ஒரு வேலையின் நூற்றில் 80 பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியும், 20 பங்கு ஒருவரே வரிசையாகச் செய்ய வேண்டியது என்று வைத்துக்கொண்டால், நாலு கோரில் வேகம் இரண்டரை மடங்கு. பதினாறு கோரில் நாலு மடங்கு. கோர்களை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் ஐந்து மடங்கைத் தாண்டாது.

எந்த வேலையில் அந்த 20 பங்கு பெரிதாக இருக்கிறது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரஷ்ஷை எடுத்து முகத்தின் மேல் தடவும்போது ஒவ்வொரு அசைவும் முந்தைய அசைவின் மேல் நிற்கிறது. பிரித்துக் கொடுக்க அதிகம் இல்லை. அங்கே ஒற்றைக் கோரின் வேகம்தான் கை கொடுக்கும். கல்யாண ஆல்பத்துக்காக ஆயிரம் படங்களை ஒரே மூச்சில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்வது நேர் எதிர்: ஒவ்வொரு படமும் தனி வேலை, எத்தனை கோர் இருந்தாலும் அத்தனைக்கும் தீனி கிடைக்கும். ஸ்டூடியோ வைத்திருப்பவர் கூடுதல் கோருக்குக் காசு கொடுக்கலாம். மாதம் இரண்டு முறை உப்பளத்துக்குப் போய் வருகிறவருக்கு அவசியமில்லை.

ஜேபெக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதன் மையத்தில் இருக்கும் தனித்த கொசைன் மாற்றத்தை 1974-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளைக் குறைத்துவிடுவது முறை. 24 மெகாபிக்சல் படத்தில் ஒளிர்வுக்கு மட்டும் 3,75,000 கட்டங்கள். ஒரு கட்டத்தின் கணக்குக்கு இன்னொரு கட்டத்தின் விடை தேவையில்லை. பெருக்கு, கூட்டு, மறுபடி பெருக்கு. ஒரே ஆணையில் எட்டுப் பத்து எண்களைச் சேர்த்துப் பெருக்கும் இன்றைய பிராசசருக்கும், ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்களை அடுக்கிவைத்த கிராபிக்ஸ் கார்டுக்கும் இதைவிடத் தோதான வேலை இல்லை. தங்கள் கணக்கு உலகின் பெரும்பாலான படங்களைச் சுமக்கும் என்று அந்த மூவரும் அன்று நினைத்திருக்க வழியில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அவர்கள் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் நான் வேண்டாம் என்றிருப்பேன். இன்று பதில் மாறிவிட்டது. மாற்றியது உப்பளத்து முகம் போன்ற படங்கள்தான். ஆறாவது ஸ்டாப்பில் இருந்த முகத்தைத் தூக்கும்போது கூடவே இரைச்சலும் எழும்பும். நிழலில் விழுந்த ஒளித்துகள்களே குறைவு என்பதால் அவற்றின் ஏற்ற இறக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை நீக்க, பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலைகளைக் கொண்டு ரா ஃபைலிலேயே வேலை செய்யும் கருவியை அடோபி 2023 ஏப்ரலில் லைட்ரூமில் சேர்த்தது. அதன் கணக்கு முழுக்க கார்டின் தலையில். நல்ல கார்டில் சில விநாடிகளில் முடியும் படம், தனிக் கார்டு இல்லாத பழைய மடிக்கணினியில் பல நிமிடம் எடுக்கும். இந்தக் கருவி உங்கள் அன்றாட வேலையென்றால், 8 ஜிபி நினைவகம் கொண்ட நடுத்தரக் கார்டு வாங்குங்கள். காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளும் ஓப்பன்சிஎல் வழியாக கார்டைப் பயன்படுத்திக்கொள்ளும். வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் திருத்துகிறவருக்கு பிராசசரோடு வரும் கிராபிக்ஸே போதும்.

திரையைப் பற்றி யாரும் வேகத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஃபுல் எச்டி திரையில் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். ஸ்லைடரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் திரைக்கேற்ற அளவில் படத்தை மறுபடி வரைந்தாக வேண்டும். திரையை மட்டும் மாற்றிவிட்டு "சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சு" என்று தவிப்பவர்கள் இந்த நாலு மடங்கைக் கவனித்தால் போதும். லைட்ரூமில் நீளப்பக்கம் 2,560 புள்ளி கொண்ட ஸ்மார்ட் பிரிவியூக்களை உருவாக்கி, திருத்தும்போது அவற்றையே பயன்படுத்தச் சொல்லும் வசதி இருக்கிறது. செலவில்லாத வேகம் அது.

மென்பொருள் எழுதுகிறவரின் சாமர்த்தியமும் இதே கணக்கில் சேரும். 51-க்கு 51 புள்ளிச் சதுரத்தில் படத்தை மங்கலாக்க, புள்ளிக்கு 2,601 பெருக்கல் வேண்டும். அதையே முதலில் கிடைமட்டமாக, பிறகு செங்குத்தாக என்று இரண்டு நடையில் செய்தால் 102 போதும். காஸியன் பிளர் எனும் மங்கலில் விடை மாறாது. இருபத்தைந்து மடங்கு வேகம், ஒரு ரூபாய் வன்பொருள் செலவில்லாமல்.

இதுவரை சொன்னவை மதுரைக்கும் கோவைக்கும் பொருந்தும். மரக்காணத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது; வாங்கும் பட்டியலை மாற்றும் அளவுக்கு அது பெரிது.

கணினி செலவழிக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி வெளியேறுகிறது. 300 வாட் வெப்பத்தை, காற்று 10 பாகை மட்டும் சூடேறும்படி வெளியே தள்ள மணிக்கு ஏறத்தாழ 90 கன மீட்டர் காற்று கேபினட்டுக்குள் ஓட வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரத்துக்கு, மொத்தக் காற்றே 28 கன மீட்டர்தான். அதாவது அறைக் காற்று முழுவதும் மணிக்கு மூன்று தடவை அந்தப் பெட்டிக்குள் புகுந்து வெளியே வருகிறது. அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகளிலிருந்து எழுந்த உப்புத் திவலைகளும், உப்பு அம்பாரங்களின் மேல் வீசிய காற்றும் ஜன்னல் வழியே அந்த அறைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. வாட் கூடினால் காற்று கூடும். காற்று கூடினால் மதர்போர்டில் படியும் உப்பு கூடும்.

படிந்த உப்பு உலர்ந்திருக்கும்வரை பெரிய கேடில்லை. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அப்படி ஆகிவிடும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கரைசலான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அருகருகே ஓடும் செம்புத் தடங்களுக்கிடையே கசிவு தொடங்கும். இணைப்பு முனைகளின் பொன்முலாமில் உள்ள நுண்துளைகள் வழியே குளோரைடு புகுந்து அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் அரிக்கும்.

இதில் ஓடும் கணினிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று, கேபினட்டுக்குள் 40 பாகைக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 46 சதவீதமாக இறங்கிவிடும். உப்புப் படலம் முழுதாக உலராவிட்டாலும் பெரும்பகுதி உலர்ந்திருக்கும். ஆபத்தான நேரம் இரவு: கணினி அணைந்து குளிர்ந்து, கடற்கரைக் காற்று ஈரம் மிகுந்திருக்கும் நேரம். தினமும் சில மணி நேரம் ஓடும் கணினியைவிட மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் கணினி இந்தக் கரையில் சீக்கிரம் கெடக்கூடும். ஏசி அறையில் 22 பாகையில் இருந்த மடிக்கணினியை அப்படியே வெளியே கொண்டுபோவதும் தவறு. அந்த 30 பாகைக் காற்று 26 பாகையிலேயே பனிக்கத் தொடங்கும், ஆகவே கணினியின் மேல் நீர் பூக்கும். பைக்குள்ளேயே வைத்து வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

ஆகவே மரக்காணத்தில் குறைந்த வாட்டில் நிறைந்த வேலை செய்யும் வன்பொருள்தான் வேகமான வன்பொருள், ஏனென்றால் அதுதான் மூன்றாம் ஆண்டிலும் ஓடும். 2020 நவம்பரில் வந்த எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. உப்புக் காற்றை இழுக்க வழியில்லை. ஆனால் அதன் ராமைப் பிறகு கூட்ட முடியாது, சேமிப்பகமும் போர்டிலேயே பற்றவைத்தது. பழுதானால் மொத்தமும் போகும். என் தேர்வு, 65 வாட் வகுப்பு பிராசசரும் நடுத்தரக் கார்டும் கொண்ட மேசைக் கணினி. துண்டு துண்டாக மாற்றலாம் என்பது அரிப்பு நிறைந்த ஊரில் பெரிய ஆறுதல். கார்டின் மின்வரம்பை மென்பொருளில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவையுங்கள். மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், உச்சியில் விட்டுக்கொடுக்கும் வேகம் சிறிது, மிச்சமாகும் வெப்பம் அதிகம். உள்ளிழுக்கும் விசிறிகளை வெளித்தள்ளுபவற்றைவிட வலுவாக வைத்து, உள்ளிழுக்கும் வாயில்களில் மட்டும் கழுவிப் போடக்கூடிய வடிகட்டி பொருத்தினால், இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் போகும், உள்ளே வராது. பெட்டியைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். புளோயரால் ஊதினால் தூசி போகும், உப்புப் படலம் போகாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் உப்பு கரைவது மிகக் குறைவு என்பதால் அதைத் தடவுவதாலும் போகாது. காய்ச்சி வடித்த நீரில் கழுவி உலர்த்தத் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுப்பதே வழி.

பழைய மடிக்கணினி வாங்க நினைக்கிறவர்கள், அது கடற்கரை ஊரில் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். எப்படியானாலும் டார்ச் அடித்து யுஎஸ்பி வாய்களின் உள்ளேயும் கார்டு செருகும் இடத்திலும் பாருங்கள். திருகுகளின் தலையில் துரு, வெப்பம் வெளியேறும் சாளரத்தில் வெள்ளைப் பொடி, முனைகளில் பச்சை. இவற்றில் பச்சை மட்டும் தெரிந்தால்கூடப் போதும், செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. அதற்குள் எந்தப் பிராசசர், எத்தனை ஜிபி ராம் இருந்தாலும் வாங்காதீர்கள்.